ஜப்பானின் தொகுஷிமா நகரில், பழைய கோட்டை இருந்த இடத்தில் அமைந்த தொகுஷிமா மத்தியப் பூங்காவில் இன்று கோட்டையே இல்லையெனில், எதைப் பார்ப்பது?

பழைய கோட்டைக் கட்டடங்கள் இல்லை என்பது உண்மையே. அப்பகுதியை ஆண்ட பிரபு ஹச்சிசுகா இயேமாசா 1580களில் எழுப்பிய கோட்டை, மெய்ஜி காலத்தில் 1875இல் இடிக்கப்பட்டது. எஞ்சியிருந்த வாஷினோமோன் வாயிலும் 1945ஆம் ஆண்டு வான்தாக்குதலில் எரிந்து, 1989இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆயினும் மதில்களைக் காண்பதற்காகவே அங்கு செல்லலாம் என்பேன். உள்ளூரில் கிடைக்கும் பசுமை கலந்த நீலப் பாறைகளால் அடுக்கப்பட்ட அச்சுவர்கள், பல ஜப்பானியக் கோட்டைகளின் சாம்பல்நிற மதில்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை.

அதே கல்லின் அழகு, தேநீர்க் கலைஞரும் போர்வீரருமான உவேதா சோகோ அமைத்ததாகக் கூறப்படும் முன்புற அரண்மனைத் தோட்டத்தில் முழுமையாக வெளிப்படுகிறது. நீரில்லாமல் கல்லாலும் மணலாலும் அமைந்த தோட்டமும், குளத்தைச் சுற்றி நடக்கும் தோட்டமும் அங்கு அடுத்தடுத்து இருப்பதால், அவசரமின்றிச் சுற்றி வாருங்கள். தொகுஷிமா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். கோட்டை இருந்த குன்றின் உச்சிக்கு ஏறப் படிகள் உள்ளன.