நாய் வளர்க்கலாமா? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் வசிக்கிறோம். நானும் கணவரும் காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு 7 மணிக்குத்தான் திரும்புவோம். எங்கள் 10 வயது மகள் நாய்க்குட்டி வேண்டும் என்று ஓராண்டாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். கோல்டன் ரெட்ரீவர் அல்லது பக் என்பது அவள் விருப்பம். 72 வயதான மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்கு மூட்டுவலி உண்டு; பூஜையறை உள்ள வீட்டில் நாய் கூடாது என்றும் சொல்கிறார். சாதக பாதகங்களை எடைபோட்டு வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: சாதகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்; அது சிறியதன்று. நாயோடு வளரும் குழந்தை, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஓர் உயிரின் பசியையும் அச்சத்தையும் வலியையும் அதன் காதும் வாலும் காட்டும் குறிப்பிலிருந்து அறிந்துகொள்ளப் பழகுகிறது. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்திருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்கு வகிக்கும் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் இருவரிடமும் கூடுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்தப் பாசம் நம் கற்பனை இல்லை என்று நாய் வளர்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தயங்க வைப்பது 8 மணிக்கும் 7 மணிக்கும் இடைப்பட்ட பதினொரு மணி நேரம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. அந்த வயதில் அதற்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு கொடுக்க வேண்டும். நான்காவது மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கியதும், செருப்பு, மேசைக்கால், மின்கம்பி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். இத்தனையும் நீங்கள் அலுவலகத்திலும் மகள் பள்ளியிலும் இருக்கும்போது நடக்கும். அப்போது தரையைத் துடைப்பதும், கிண்ணத்தை நிரப்புவதும், வாயிலிருந்து கம்பியைப் பிடுங்குவதும் யார் வேலை? மூட்டுவலியோடு இருக்கும் உங்கள் மாமியாரின் வேலை. ஆகவே இந்த வீட்டில் நாய் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் முதல் உரிமை அவருக்கே உண்டு. அவர் மறுப்பதை வெறும் ஆசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பூஜையறை ஒரு பெரிய தடையே இல்லை, ஏனென்றால் குறிப்பிட்ட நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பதை ஒரு குட்டி சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடும். ஆனால் 30 கிலோ எடையுள்ள நாய் தெருவில் பூனையைக் கண்டு கயிற்றோடு பாய்ந்தால், மூட்டு தேய்ந்த ஒருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

மகள் கேட்கும் இரண்டு இனங்களைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது பெரும்பாலும் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. பக் இனத்துக்கு மூக்கும் மூச்சுவழியும் சப்பிப்போயிருப்பதால் அந்த இரைப்பும் சரியாக வேலை செய்வதில்லை. சென்னையின் மே மாதத்தில் நண்பகல் நடைக்கு அழைத்துச் சென்ற பக் நாய்களை, நாக்கு நீலம் பாரித்த நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிவருவதைப் பார்த்திருக்கிறேன். கோல்டன் ரெட்ரீவர் குளிர்நாட்டு நாய். அதற்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. ஆண்டு முழுவதும் முடி உதிர்க்கும். இடுப்பு மூட்டு பிசகி வளரும் பரம்பரைக் கோளாறும் அந்த இனத்தில் அதிகம். குணத்தில் அதைப் போல இனிய நாய் அரிது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குணத்துக்கு நாள்முழுதும் மனிதத் துணை வேண்டும். தனியே அடைபட்டால் குரைத்தே வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் ஓய வைத்துவிடும்.

செலவையும் நேராகக் கணக்கிடுங்கள். 30 கிலோ நாய் நாளொன்றுக்குச் சுமார் 350 கிராம் உலர் தீவனம் தின்னும். மாதத்துக்குப் பத்து கிலோ. கிலோ 300 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் உணவுக்கு மட்டும் மாதம் 3,000 ரூபாய் ஆகிறது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து ஆகியவை தனி. அந்த உண்ணியை நம் ஊரில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாயின் பாதத்தைத் திருப்பி விரல்களுக்கு இடையே விலக்கிப் பார்த்தால், இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி ஆமணக்கு விதையைப் போலப் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது உதிர்ந்து, சுவர் விரிசலிலோ கதவுச் சட்டத்தின் இடுக்கிலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டைக் கவனிக்காதவர்களுக்கு உண்ணி ஒழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். உண்ணி வழியாகப் பரவும் காய்ச்சலில் நாய் உணவை மறுக்கும், ஈறு வெளுக்கும், சிலவேளை மூக்கிலிருந்து இரத்தம் வரும். சில நாள் தாமதித்தாலே உயிருக்கு ஆபத்து.

என் முடிவைக் கேட்டிருப்பதால் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். உங்களில் ஒருவருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வாய்ப்பு வந்து, மாமியாரும் மனமார இசைந்தால், அப்போது குட்டியைத் தவிர்த்து, இரண்டு மூன்று வயதான, பழக்கப்பட்ட, நடுத்தர உருவமுள்ள ஒரு நாயைத் தேடுங்கள். அதுவரை, ஊருக்குப் போகும் உறவினர் எவருடைய நாயையாவது விடுமுறையில் ஒரு வாரம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து அதைக் கீழே அழைத்துப் போனது மகளா, அப்பாவா, ஒருவருமே இல்லையா என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். பத்து வயதுக் குழந்தை நாய்க்கு நல்ல தோழியாக இருப்பாள். ஆனால் அதன் பொறுப்பு முழுவதையும் அவள்மீது வைப்பது அவளுக்கும் நாய்க்கும் செய்யும் அநீதி.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நாங்கள் கும்பகோணத்தில் சொந்த வீட்டில் தனியே இருக்கிறோம். எனக்கு 66, மனைவிக்கு 63. காவலுக்கும் துணைக்கும் ராஜபாளையம் குட்டி ஒன்றை வாங்க நினைக்கிறோம். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு மாதம் அங்கே போய்த் தங்குவோம்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நாய்க்குத் தேவையான நேரமும் இடமும் உங்களிடம் இருக்கின்றன, உங்கள் இருவருக்கும் அது நல்ல துணையாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இனத்தைப் பற்றித்தான் மாற்றுக் கருத்து.

ராஜபாளையம் நாய் நம் மண்ணின் பெருமை. 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட, ஓடித் திரிய வேண்டிய, ஒருவரையே பெரிதும் நம்பிப் பிறரைச் சந்தேகிக்கும் நாய். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடும் அந்த இனத்தில் வருவதுண்டு. குட்டியை வாங்குபவர்கள், அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று கைதட்டி, திரும்புகிறதா என்று தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். கூட்டமாக இருக்கும்போது சோதித்தால், செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும். நம் ஊர் வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் இன்னும் வேகமானவை. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் வெளியில் முயலைத் துரத்திய கால்கள் அவை. 66 வயதில் அவற்றின் ஓட்டத்துக்கு ஈடுகொடுப்பது கடினம்.

வீட்டுக் காவலுக்கு நாய் கடிக்க வேண்டியதில்லை, குரைத்தால் போதும். அதற்கு நம் தெருக்களில் காணும் நாட்டு நாயைவிடச் சிறந்தது இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நம் வெயிலைத் தாங்கும். பரம்பரைக் கோளாறு குறைவு. கண்டதற்கெல்லாம் மருத்துவரிடம் ஓட வைக்காது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, மனிதரோடு பழகிய மூன்று நான்கு வயது நாயை விலங்கு நலக் காப்பகங்களில் கேட்டுப் பெறலாம். நாட்டு நாய் நல்ல பராமரிப்பில் 12, 13 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும் என்பதை உங்கள் வயதோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள். வளர்ந்த நாயைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கப் பயணத்துக்கு இப்போதே விடை காண வேண்டும். ஆறு மாதம் கூலிக் காப்பகத்தில் விடப்படும் நாய் உணவை மறுத்து உருக்குலைந்துபோவதுண்டு. பக்கத்து வீட்டிலோ உறவிலோ ஒருவர், முதல் நாளிலிருந்தே அந்த நாய்க்கு அவ்வப்போது உணவு வைத்துப் பழகியவராக இருந்து, அந்த ஆறு மாதப் பொறுப்பை வாக்குறுதியாக ஏற்றுக்கொண்டால் வளருங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், மனைவியும் நீங்களும் மாறி மாறிப் பயணம் போக ஆயத்தமா என்று பேசி முடிவெடுத்த பின்னரே நாயைக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறது. இப்போது நான் கருவுற்றிருக்கிறேன். குழந்தைக்கு ரேபிஸ் வரும், ஆஸ்துமா வரும், நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டுவிடாதீர்கள். வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டு வருவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த நாய் சில நாள்களுக்குள் தெருநாய்களிடமோ வண்டிச் சக்கரத்திலோ சிக்கும் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கருவுற்றவர்கள் அஞ்சும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமியைக் கழிவின் வழியாக வெளியேற்றுவது பூனை இனம், நாய் அன்று.

ரேபிஸ் பற்றிய அச்சம் நியாயமானது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக எவரையும் காப்பாற்ற முடிவதில்லை. ஆனால் அறிகுறி தோன்றுமுன் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பின்பு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, அதன்பின் ஆண்டு தவறாமல் ஒன்று. எந்த நாய் கடித்தாலும், நம் வீட்டு நாயின் பல் கீறினாலும்கூட, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது.

குடற்புழு மருந்தை வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். நாயின் புழு முட்டைகள் மண்ணில் கலந்து, தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகக்கூடியவை. ஆஸ்துமாவைப் பொறுத்தவரை, உங்களுக்கோ கணவருக்கோ நாயருகில் தும்மலும் இளைப்பும் வருமானால் மட்டும் ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். குழந்தை பிறந்தபின் ஒரே ஒரு விதியை எந்தச் சூழலிலும் தளர்த்தாதீர்கள்: எத்தனை சாதுவான நாயானாலும், குழந்தையோடு தனியே ஒரு நிமிடமும் விடக் கூடாது.

கேள்வி: தெருவில் ஈன்ற குட்டி ஒன்று, ஒன்றரை மாதம் இருக்கும், எங்கள் வாசலிலேயே படுத்துக்கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா, இல்லை கடையில் நல்ல இனக் குட்டி வாங்குவதா? வாடகை வீடு என்பதும் யோசனையாக இருக்கிறது.
— ஒரு வாசகர், சென்னை

பதில்: தாய் அருகில் இருந்தால் இன்னும் இரண்டு வாரம் அதனிடமே விட்டு, வாசலில் உணவு வையுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி, கடியின் வலிமையை அடக்கக் கற்றுக்கொள்ளாமலே வளரும். அந்த வயதுக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. தாய் இல்லையென்றால் இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். தெருக்குட்டிகளைப் பெருவாரியாகக் கொல்லும் பார்வோ நோய், வாந்தியும் துர்நாற்றம் வீசும் இரத்த வயிற்றுப்போக்குமாக இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும். அதற்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை தவணை தவணையாகப் போட வேண்டும். அது முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

கடைக் குட்டிக்கும் இதே நோய்கள் வரும். விலை கொடுத்ததனால் நலம் உறுதியாகிவிடுவதில்லை. இதை, உங்களைத் தேடி வந்த குட்டி என்று நான் சொல்ல மாட்டேன், அது பசியால் வந்திருக்கும். ஆனால் உங்களுக்கு வளர்க்க மனமிருக்கும்போது கடைக்குப் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவது கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றைக் காட்டி அதைப் பெற வேண்டும். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் அறிவுறுத்தியிருக்கிறது. வீட்டு உரிமையாளரின் இசைவு வேறு செய்தி. குட்டியை உள்ளே எடுக்குமுன் அவரிடம் நேரில் பேசி, சம்மதித்தால் அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; அவர் மறுத்தால் இந்தக் குட்டிக்குத் தடுப்பூசியும் ஆறு மாதத்தில் கருத்தடையும் உங்கள் செலவில் செய்வித்து, சொந்த வீடுள்ள ஒருவரிடம் ஒப்படைக்க முயலுங்கள்.