தேனீ இரைச்சல் போய் கனமான கிட்டார் ஒலி வர என்ன செய்வது?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரும் லேப்டாப்பும் வைத்திருக்கிறேன். ஹெவி ராக் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது? மைக் துளையில் கிட்டாரைச் செருகி ஒரு முறை முயன்றேன். மீட்டிய பிறகு தாமதமாகத்தான் சத்தம் வருகிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் தேனீக் கூட்டம் போல இரைகிறது.

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு பிரச்சினைகளுமே மென்பொருளை மாற்றினால் தீராதவை. அதனால் மென்பொருள் கேள்வியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மேக் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பர்; 60 நாள் முழு வசதிகளோடு பழகிப் பார்க்கலாம், பழைய கணினியிலும் திணறாமல் ஓடும். எதை எடுத்தாலும் பாட்டைக் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றை எடுங்கள், கொஞ்ச காலம் மாற்றாதீர்கள்.

தாமதத்துக்கு வருவோம். லேப்டாப்பின் மைக் துளை கிட்டாருக்காகச் செய்யப்பட்டதல்ல. ‘இன்ஸ்ட்ருமென்ட்’ உள்ளீடு உள்ள சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒன்று வாங்குங்கள். விண்டோஸில் அந்தக் கருவியின் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரையே (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவுங்கள். பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, 128 சாம்பிளில் வையுங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அது 3 மில்லிநொடிக்கும் குறைவு. அதே பஃபர் 1024 என்றால் 21 மில்லிநொடி; விரலும் காதும் பிரிந்துபோகும். சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 256க்கு ஏற்றுங்கள். உள்ளே வரும் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொடவே கூடாது.

இனி தேனீக்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மென்பொருளில் ஆம்பின் (கிட்டார் ஒலிபெருக்கி) மாதிரி இருக்கிறது, ஸ்பீக்கர் கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டி) மாதிரி இல்லை. கிட்டார் ஆம்பில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பு அங்கேதான் வடிகட்டப்படுகிறது. கணினியில் அந்த வேலையைச் செய்வது ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ என்ற சிறிய கோப்பு. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச ப்ளக்இன்னில் (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) ஆம்பின் மாதிரியையும் இந்தக் கோப்பையும் ஒன்றாக ஏற்றலாம். கோப்பை ஏற்றிய நொடியில் ஒலி மாறுவதைக் கேட்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (லேசான டிஸ்டார்ஷன் எஃபெக்ட்) ஒன்றைப் போட்டு, அதன் டிரைவ் குமிழைப் பூஜ்யத்திலும் லெவல் குமிழை உயரத்திலும் வையுங்கள். தேவையற்ற அடித்தொனி ஆம்புக்குள் போகுமுன்பே குறைவதால், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள்) இறுக்கமாகக் கேட்கும்.

அப்புறம், தனியாக வாசிக்கும்போது பிடித்த அளவிலிருந்து கெயினை (ஆம்பில் டிஸ்டார்ஷனின் அளவு) கொஞ்சம் குறைத்தே பதிவு செய்யுங்கள். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. கெயின் கூடக் கூட ஒவ்வொரு அடியின் தாக்கமும் மழுங்கி, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். கனம் வருவது வேறு வழியில்: ஒரே ரிஃபை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடதுபுறமும் மற்றதை முழுக்க வலதுபுறமும் தள்ளுங்கள். ஒரு பதிவையே நகலெடுத்து வைத்தால் பலிக்காது. இரண்டும் ஒன்றே என்பதால் நடுவில்தான் கேட்கும், சத்தம் மட்டும் கூடும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுதான் அந்தப் பெரிய சுவரை எழுப்புகிறது. அதற்காகவே தாளம் காட்டும் கிளிக் சத்தத்தோடு வாசித்துப் பழகுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் பாருங்கள்.

இரண்டு கிட்டார்களிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. பேஸை விட்டுவிட்டு கிட்டாரிலேயே அடித்தொனியைக் கூட்டினால் கலவை சேறாகிவிடும். டிரம்ஸுக்கு எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவச ப்ளக்இன் இருக்கிறது, தொடக்கத்துக்குத் தாராளம். முதலில் எட்டு பார் (தாளச் சுற்று) டிரம்ஸ் போட்டு, அதன்மேல் ஒரே ஒரு ரிஃபை இருபுறமும் பதிந்து, பேஸைச் சேர்த்துக் கேளுங்கள். முழுப் பாட்டுக்கு அதற்கப்புறம் போகலாம்.