வாசகர் கேள்வி – பதில்: தரையில் துள்ளும் விமானம்

கேள்வி: என் மகள் இரத்மலானையில் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம் ஓட்டப் பழகுகிறாள். மேலே எல்லாம் சரியாம், இறக்கும்போது மட்டும் விமானம் துள்ளுதாம். கூடப் பழகியவர்கள் தனியாகப் பறந்துவிட்டார்கள். "எனக்கு இது சரிவராது, வீட்டுக்கு வாறன்" என்று அழுகிறாள். என்ன சொல்ல?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: இப்போதைக்கு வரச்சொல்லாதீர்கள், அம்மா. தனியாகப் பறப்பதற்கு முன் பலரும் தேங்கி நிற்கும் இடம் தரையிறக்கம்தான். வேகம், உயரம், திசை மூன்றையும் சில விநாடிகளுக்குள் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

துள்ளல் பெரும்பாலும் ஓடுபாதைக்கு வரமுன்னரே தொடங்கிவிடுகிறது. பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) முழுதாக இறக்கிய 172க்கு இறுதி அணுகலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், 60 முதல் 70 நொட் (மணிக்கு ஏறக்குறைய 110 முதல் 130 கி.மீ.) வேகம் போதும். அதற்கு மேல் வந்தால், மூக்கைத் தூக்கியதும் விமானம் இறங்காமல் மிதக்கும். தரைக்கு மிக அருகில், ஏறக்குறைய ஓர் இறக்கை அகலத்துக்குள், அதாவது 11 மீட்டருக்குள், காற்றின் இழுவை குறைந்துவிடுவதே காரணம். அந்த நேரம் பொறுமையிழந்து மூக்கைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். திரும்பவும் அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது. முன்சக்கரக் கால் முறியலாம், விசிறி தரையில் அடிபடலாம்.

பார்வையையும் கவனிக்கச் சொல்லுங்கள். மூக்குக்கு நேரே உள்ள தரையைப் பார்த்தால் நிலம் பாய்ந்து வருவதுபோலத் தெரியும். பயத்தில் முந்தியே மூக்கைத் தூக்கிவிடுவாள், விமானம் உயரத்தில் வேகமிழந்து தொப்பென்று விழும். கடைசிக் கட்டத்தில் கண் ஓடுபாதையின் மறுமுனையில் இருக்க வேண்டும். ட்ரிம்மை (மூக்கை ஒரே நிலையில் நிறுத்த உதவும் சில்லை) சரியாக வைத்தால் கட்டுப்பாட்டுப் பிடியைக் கையால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, விரல்களே போதும்.

எல்லாவற்றிலும் முக்கியம், சரிவராத அணுகலைக் கைவிட்டு மேலெழும்புவது: முழு விசை கொடுத்து, மூக்கைச் சற்று உயர்த்தி, பிளாப்பை உடனே 20 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். மீதியை வேகமும் உயரமும் வந்தபின் படிப்படியாகத்தான் எடுக்கலாம். ஒரேயடியாக எடுத்தால் விமானம் அமிழும். இதைத் தோல்வி என்று அவள் நினைக்கக்கூடாது. பயிற்றுநர் சொல்லாமலே மேலெழும்பும் மாணவியைத்தான் நம்பித் தனியாக விடலாம். ஏ.எல். இரண்டாம் தரம் எழுதும் பிள்ளையை நாங்கள் தோற்றவள் என்று சொல்வதில்லையே.

"தனியாப் பறந்திட்டியா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்காதீர்கள். இறுதி அணுகலில் வேகம் என்ன, கண் எங்கே இருந்தது, எந்தச் சக்கரம் முதலில் பட்டது என்று ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதென்று அவளுக்கே தெரியவரும். அதைக் காட்டி, அந்த ஒன்றை மட்டும் திருத்த ஒரு பாடம் கேட்கலாம்.

கேள்வி: மகன் விமானியாக வேண்டுமென்கிறான். கண்ணாடி போடுகிறவன். காணியை விற்றுப் பணம் கட்டலாமா?
– ஒரு தந்தை, வவுனியா

பதில்: காணியில் இப்போது கைவைக்க வேண்டாம். முதலில் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை எடுக்கட்டும். கண்ணாடி தடையில்லை, அதைப் போட்டபடி ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்த்து 6/6 பார்வை இருக்க வேண்டும். நிறப்பார்வைக் குறைபாடுதான் பலரை மறிக்கும். வர்த்தக விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலப் பறப்பு, அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியானால் 150 தேவை. திரும்பச் செய்யும் பாடங்களால் செலவு கூடும். முழுப்பணத்தையும் முற்கூட்டிக் கட்டாமல், பறக்கப் பறக்கக் கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.