ஏ1 மூழ்கியது 1904-இலா, 1911-இலா?

வணக்கம். ஏ1 என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிய ஆண்டு ஒரு நூலில் 1904, இன்னொன்றில் 1911 என்று இருப்பதால் எதைக் குறிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரி, ஏ1 இருமுறை மூழ்கியது.

பிரிட்டனிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் கடற்படை நீர்மூழ்கி அது. 1904 மார்ச் 18 அன்று போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே நடந்த பயிற்சியில், ஜூனோ என்ற போர்க்கப்பலைக் குறிவைத்து நீருக்கடியில் சென்றுகொண்டிருந்தது. அவ்வழியே வந்த பெர்விக் காஸில் என்ற பயணிகள் கப்பல், நீர்மூழ்கியின் மேற்புறத்தில் எழுந்து நிற்கும் கோபுரத்தில் மோதியது. மோதியது பயிற்சி டார்பிடோ என்று எண்ணி அந்தக் கப்பல் தன் வழியே போய்விட்டது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. கோபுரத்தின் அடியில் இன்னொரு மூடி இருந்திருந்தால் தண்ணீர் உடற்பகுதிக்குள் புகுந்திருக்காது. பின்னர் வந்த படகுகளில் அந்த இரண்டாவது மூடியைப் பொருத்தினார்கள்.

அடுத்த மாதமே ஏ1-ஐ மேலே தூக்கிப் பழுதுபார்த்து, மீண்டும் பணியில் சேர்த்தார்கள். கடைசிக் காலத்தில் நீர்மூழ்கி எதிர்ப்புச் சோதனைகளுக்குப் பயன்பட்டது. 1911-இல் ஆளில்லாமல், தானியங்கிக் கருவியின் கட்டுப்பாட்டில் நீருக்கடியில் ஓடியபோது தொலைந்துபோனது. 1989-இல்தான் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிராக்கிள்ஷம் விரிகுடாவில் அகப்பட்டது.

ஆகவே, கடலடியில் இப்போது கிடக்கும் சிதைவில் அந்த 11 பேரின் உடல்கள் இருப்பதாக உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். 1911-இல் அதற்குள் ஒருவரும் இல்லை.