குளிப்பாட்டியும் நாயிடம் தெள்ளுப்பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தெள்ளுப்பூச்சி சிறகில்லாமல் குதிக்கும், ரத்தம் குடிக்கும் சிறு பூச்சி. கடித்த இடத்திலேயே ஒட்டிக்கிடக்கும் உண்ணி வேறு. வாலடியில் சீப்பால் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

நாய்மேல் தெரிவது சிறு பங்குதான். முட்டைகள் உதிர்ந்து, படுக்கையிலும் தரை விரிசலிலும் நிழலான ஈரமண்ணிலும் புழுவாகிக் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது. வெறும் குளியல், கிழங்கை விட்டுவிட்டுக் கோரையை மேலாக அறுப்பது போல.

வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் எடைக்கேற்ற மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில், குறைந்தது 3 மாதம் விடாமல் கொடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்து பூனையைக் கொன்றுவிடும், தயவுசெய்து கவனம்! படுக்கையை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெளியே நாய் படுக்கும் இடத்துச் சருகை அள்ளி, வெயில் படவிடுங்கள்.

இரண்டாம் வாரம் பூச்சி தெரிந்தால் மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்; பெரும்பாலும் அவை பழைய கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவை.