கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பை முழுதாக எடுப்பதா?

கேள்வி: நாங்கள் நிலாவெளி. என் அக்காவுக்கு 46 வயது. இடது மார்பில் 2 சென்றிமீற்றர் கட்டி. பயொப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிடிக்கலாம், இல்லாவிட்டால் மார்பை முழுதாக எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் சேர்ஜன். முழுதாக எடுத்தால்தான் திரும்ப வராது என்று வீட்டில் சொல்கிறார்கள். பயொப்சிக்கு ஊசி குத்தியதால்தான் நோய் பரவும் என்று மாமி அழுகிறா. என்ன செய்வது?

பதில்: சகோதரி, மாமியிடம் முதலில் சொல்லுங்கள்: பயொப்சியால் நோய் பரவாது. அந்தத் துளிச் சதை இல்லாமல் எந்த மருந்து கேட்கும் என்று எங்களால் சொல்லவே முடியாது.

இரண்டு விதமாகவும் ஒப்பரேஷன் செய்த பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002இல் வெளியாகின. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. கட்டியை மட்டும் எடுத்தால் அதே மார்பில் மீண்டும் வரக்கூடும். அதைத் தடுக்கத்தான் கரண்ட். அதைப் பாதியில் விடுவதாக இருந்தால் அந்த வழியே வேண்டாம்.

திருகோணமலைக் குடும்பங்கள் இடறுவது இதில்தான். கரண்ட் பிடிக்க மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ அனுப்புவார்கள். வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வரை. சிகிச்சைக்கு அரச ஆஸ்பத்திரியில் காசில்லை, ஆனால் நிலாவெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியுமா? எங்கே தங்குவது, கூட யார் நிற்பது, வீட்டுச் சமையலை யார் பார்ப்பது என்று இப்போதே கதைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு செய்ய முடியாவிட்டால் முழுதாக எடுப்பதும் நல்ல முடிவுதான். ஆனால் கமக்கட்டு நெறிகளுக்கு (அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு) நோய் போயிருந்தால், முழுதாக எடுத்த பிறகும் கரண்ட் தேவைப்படலாம். இதைச் சேர்ஜனிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்க முன் இன்னொன்றும் பாருங்கள். பயொப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (கட்டியிலுள்ள ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதம்) முடிவுகள் வந்துவிட்டனவா? என் கணக்கில் ஒப்பரேஷன் எந்த வகை என்பதைவிட இவை முக்கியம். முதல் இரண்டில் ஒன்று பொசிட்டிவ் என்றால் ஹோர்மோன் மருந்து வேலை செய்யும். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமொக்சிஃபென், தினமும், குறைந்தது 5 வருடம். ஹெர்-2 பொசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாப் ஊசி, வழக்கமாக ஒரு வருடம். இடையிடையே இதயத்தை எக்கோ பண்ணிப் பார்ப்பார்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோதான் பிரதானம். ஹெர்-2 பொசிட்டிவ் ஆனாலும், மூன்றும் நெகட்டிவ் ஆனாலும், கட்டியின் அளவைப் பார்த்துச் சிலருக்குக் கீமோவை ஒப்பரேஷனுக்கு முன்பே கொடுப்பதுண்டு. ஆகவே புற்றுநோய் மருத்துவரையும் முன்னதாகவே சந்தித்துவிடுங்கள்.

கீமோவில் கொட்டும் முடி திரும்ப வளரும். காய்ச்சல்தான் ஆபத்து. 38 பாகை செல்சியஸ் தாண்டினால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்க வேண்டாம்; இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அக்காவுக்கு 50க்கு முன் வந்திருப்பதால், நீங்களும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இதைச் சொல்லி மார்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.