ஒரு வகுப்பறை, இரண்டு ஆசிரியர்கள்: கேள்வி பதில்

ஆரம்பப் பிரிவில் ஒரே அறையைப் பகிரும் ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு, மட்டக்களப்பைச் சேர்ந்த ஆரம்பக்கல்வி ஆசிரிய ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

களுவாஞ்சிக்குடி: தரம் 2, 36 பிள்ளைகள், 25க்கு 20 அடி அறை. எங்கள் இரண்டு மேசையையும் முன்னுக்குப் போட்டால் இடம் காணாது.

ஒன்றைக் கரும்பலகைக்குப் பக்கத்து மூலையிலும் மற்றதை அதற்கு எதிர் மூலையில் பின்சுவரோடும் போடுங்கள். வாசிப்பில் பிந்திய ஐந்தாறு பேரைப் பின்மேசையில் வைத்துப் படிப்பிக்கலாம். அங்கே ரீச்சரின் முதுகு சுவருக்கு இருக்க வேண்டும், அப்போது முழு வகுப்பும் கண்ணில் படும். பிள்ளைகளின் முதுகு கரும்பலகைக்கு. மாறி இருத்தினால் முன்னுக்கு நடக்கிறதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்மேசைக்குப் போகிற வழி 3 அடி, மற்ற இடைவெளிகள் 2 அடி. இன்னும் நெருக்கமென்றால் முன்மேசையை வெளியே எடுங்கள். பாடம் நடக்கும்போது அதில் யாரும் இருப்பதில்லை, கொப்பி அடுக்க ஒரு ஸ்டூல் போதும்.

ஏறாவூர்: கத்தரிக்கோல், பசை எல்லாம் குறைந்துகொண்டே போகுது. இரண்டு பேருக்கும் மனவருத்தம்தான் மிச்சம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் எது எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது. குழுவுக்கு ஒரு பால்மா ரின் வையுங்கள்: 6 பென்சில், 2 அழிறப்பர், 2 கத்தரிக்கோல், 1 பசை. ரின்னின் வெளிப்பக்கத்தில் அவற்றைப் படமாக வரைந்து ஒட்டினால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் எண்ணிப் பார்க்கும். மணி அடிக்க 3 நிமிடம் முந்தி எண்ண விடுங்கள், மணி அடித்த பிறகு எண்ணி வேலையில்லை. கத்தரிக்கோலில் மார்க்கர் அடையாளம் வியர்வையில் அழிந்துவிடும், நகப்பூச்சு நிற்கும்.

அலுமாரியின் மேல்தட்டு இரண்டும் ஆளுக்கொன்று, கீழ்த்தட்டுகள் பொது. பொதுப் பொருள் எதையாவது முடிக்கிறவர் கதவின் உட்பக்கம் ஒட்டிய தாளில் அதை எழுத வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது ஆளை ஆள் கேட்கத் தேவையில்லை.

திருக்கோவில்: நீள மண்டபம், நடுவில் சுவரில்லை. தரம் 3, 4 இரண்டும் அதற்குள். தட்டி கட்டினால் சத்தம் குறையுமா?

பெரிதாகக் குறையாது. கிடுகுத் தட்டி பார்வையை மறைக்கும், சத்தம் மேலாலும் ஊடாலும் வரும். பார்வை மறைவதும் பாதி உதவிதான், அதனால் கட்டுவதை வேண்டாமென்று சொல்லவில்லை. கரும்பலகைகளை மண்டபத்தின் இரண்டு அந்தத்திலும் வைத்துப் பிள்ளைகளை முதுகுக்கு முதுகாக இருத்துங்கள். நடுவில் 4 அடி விட்டு, புத்தகம் நிறைந்த அலுமாரிகளை அங்கே வையுங்கள். பாரமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும். இரண்டு அலுமாரியையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கம்பியால் கட்டாமல் விடாதீர்கள், பிள்ளை ஏறினால் சரியும்.

கூடிய பலன் நேரசூசியில்தான். பாட்டும் கூட்டு வாசிப்பும் இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வரட்டும். ஒரு வகுப்பு எழுதும்போது மற்றதும் எழுத வேண்டும், அல்லது மரநிழலுக்குப் போக வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளிவேலையை இடைவேளைக்கு முன்னுக்கே முடித்துவிடுங்கள். பிறகு வெக்கையும் புழுதியும்தான். பரீட்சைத் திகதியை ஒரு கிழமைக்கு முந்தியே மற்ற ஆசிரியருக்குச் சொல்லுங்கள். பக்கத்து வகுப்பு பாட்டுப் பாடும்போது கணக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

வாழைச்சேனை: மழைக்குப் பிறிஸ்டல் போட் எல்லாம் கழன்று விழுகுது.

ஒட்டுநாடா சுண்ணாம்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை சுவர் காய்வதே அபூர்வம். நைலோன் கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பில் தொங்கவிடுங்கள், பிள்ளையின் கண்மட்டத்தில். காற்றுக்குக் கீழ் ஓரத்தில் மூங்கில் கீற்றொன்று. அலுமாரியைச் செங்கல்லில் 4 அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வைத்தால் கறையான் ஏறும் மண்கோடு கண்ணில் படும். கடதாசிப் பெட்டியை நிலத்தில் வைப்பது கறையானுக்குச் சோறு போடுகிற மாதிரி. வெண்கட்டி மூடியுள்ள ரின்னில் இருக்கட்டும், ஈரம் பிடித்தால் வழுக்கும், எழுதாது.

சம்மாந்துறை: நான் மறுத்ததைப் பிள்ளைகள் மற்ற ரீச்சரிடம் கேட்டு வாங்குகிறார்கள்.

முதலில் சொன்னவரின் சொல்தான் நிற்கும், அதை மாற்றுவதும் அவரே. வெளியே போக அனுமதி கொடுப்பவர் அந்த நேரம் படிப்பிக்காத ஆசிரியர். இருக்கை மாற்றம் கிழமைக் கடைசி நாளில், இரண்டு பேரும் பேசிய பிறகு மட்டும்.

கல்முனை: இடாப்பை யார் போடுவது?

அதிபர் வகுப்பாசிரியராக நியமித்தவர். அவர் லீவில் நின்றால் மட்டும் மற்றவர்.

கிரான்: வெள்ளத்துக்குப் பாடசாலை முகாமாகும். திரும்பி வரும்போது ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை.

மழை தொடங்க முந்தியே நான்கு சுவரையும் அலுமாரியின் உள்ளையும் போனில் படம் எடுத்து இருவரும் வைத்திருங்கள். பிறகு எது எங்கே இருந்ததென்ற வாக்குவாதம் வராது. இடாப்பும் முன்னேற்ற அறிக்கைகளும் பொலித்தீனில் சுற்றி அலுவலகத்துக்கு. கற்றல் உபகரணங்கள் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில், பக்கத்தில் பெரிதாக வகுப்பின் பெயர். படத்தாள்களை 3 அங்குலப் பீவீசீ குழாய்க்குள் வைத்து இரண்டு அந்தத்தையும் மூடுங்கள். படம் வெளிப்பக்கம் வரச் சுருட்டினால், திரும்பத் தொங்கவிடும்போது ஓரங்கள் சுவர்ப் பக்கமாக வளையும், முன்னுக்குச் சுருண்டு எழுத்தை மறைக்காது.